நோய்க்கு இட்ட பெயர்

நோயைத் தீர்க்க மருந்து வேண்டும். அம்மருந்தை நாடிச் செல்வதற்கு, வாய்விட்டுச் சொல்லக் கூடிய ஒரு பெயரும் வேண்டும். இவ்வுண்மையை நான் இளமையிலேயே கண்டவன். என் சிற்றன்னையார் தம் காதில் யாரோ ஓயாது பேசுவதாகச் சொல்லி வருந்துவார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வீட்டார் தயங்கினர். நோயைக் காட்டிலும் ‘பைத்தியம்’ என்ற சொல்லே அவர்களை அச்சுறுத்திற்று. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே வசையாக வழங்கிய காலம் அது.

அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே உண்டாகிறது. பித்து, பைத்தியம் என்பன பித்தத்தோடு தொடர்புடைய சொற்கள். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றனுள் பித்தம் மிகுந்தால் மனம் தடுமாறும் என நம் முன்னோர் கருதினர். கிரேக்கரும் தீராத் துயரத்தை ‘மெலன்கோலியா’ என்றனர். கரும்பித்தம் என்பது அதன் பொருள். ஆகவே, இவை உடற்கோளாற்றைக் குறித்த மருத்துவச் சொற்களே அன்றோ? நாளடைவில் மருத்துவம் மறைந்து பழி மட்டும் நிலைத்துவிட்டது.

அறிஞர் ஆக்கிய புதுச்சொற்களுக்கும் இதே கதி நேர்ந்தது. என் சிற்றன்னையாருக்கு வந்தது போன்ற நோயை, ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பெலின் ‘இளமையிலேயே வரும் அறிவழிவு’ எனப் பொருள்படும் பெயரால் விளக்கினார். ஸுரிக் நகரத்து மருத்துவர் பிளாய்லர் இதை ஏற்கவில்லை. இந்நோய் எப்போதும் இளமையில் தோன்றுவதன்று. எப்போதும் அறிவழிவில் முடிவதுமன்று என்று கண்ட அவர், 1908இல் ‘ஸ்கிஸோஃப்ரினியா’ என்ற பெயரை வழங்கினார். பிளவு, மனம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. நம்பிக்கையின்மையை நீக்க வந்த அப்பெயரும் காலப்போக்கில் அச்சம் தருவதாயிற்று.

ஜப்பானியர் 1937இல் அதனை ‘மனம் பிளந்த நோய்’ என்றே மொழிபெயர்த்துக் கொண்டனர். அப்பெயரை நோயாளியிடம் சொல்ல மருத்துவர்களே கூசினர். 1993இல் நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம், பெயரை மாற்றுமாறு மருத்துவர் சங்கத்தை வேண்டிற்று. 2002இல் ‘ஒருங்கிணைவு தளர்ந்த நிலை’ என்னும் பொருளில் புதுப்பெயர் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு நூற்றுக்குச் சுமார் 37 நோயாளிகளுக்கே நோயின் பெயர் சொல்லப்பட்டது. மூன்றாண்டுகளில் அது சுமார் 70 ஆக உயர்ந்தது. பின்னர்க் கொரியர், நரம்பிசைக் கருவிக்குச் சுருதி கூட்டுவதை உவமையாகக் கொண்டு ஒரு பெயர் அமைத்தனர். சுருதி கலைந்த வீணையை உடைந்த வீணை என்று யாரும் எறிவதில்லை அல்லவா?

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியே நடந்திருக்கிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர், நிலவைக் குறிக்கும் ‘லூனா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிலவே அறிவைத் திரிக்கும் என்ற பழைய நம்பிக்கை அதில் ஒட்டிக் கொண்டிருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் மனநலம் என்று பேசிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ மனநலப் பராமரிப்பைப் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றது.

தமிழில் நாம் ‘மனச்சிதைவு’ என்கிறோம். சிதைந்தது மீண்டும் சேராது என்று கேட்போர் எண்ணிவிடக் கூடும். இதனினும் பொருத்தமான சொல்லைப் புலவரும் மருத்துவரும் கூடித் தேட வேண்டும் என்பது என் விருப்பம். பெயரை மாற்றினால் மட்டும் நோய் தீராது என்பதையும் நான் மறக்கவில்லை. மருந்து வேண்டும், சுற்றத்தாரின் பொறுமையும் வேண்டும். ஆயினும், கதவைத் திறப்பது சொல்லே.

பல்லாண்டு கழித்து ஒரு மருத்துவர் என் சிற்றன்னையாரிடம், “அம்மா, உங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு” என்றார். “நோய்தானா?” என்று கேட்டு, அவர் நெடுநேரம் அழுதார். அந்த ஒரு சொல்லை நாங்கள் முன்னரே சொல்லியிருக்கலாம்.