கலமும் காவலும்

தமிழர் விருந்தின் தொன்மையான கலம் வாழையிலை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை உணவகங்களில் இன்றும் அவ்விலையில் உணவு படைக்கப்படுகிறது. ஒருமுறை பயன்பட்டதும் மண்ணிற்குத் திரும்பும் இலைக்குச் சட்டத்தின் காவல் பெரிதும் வேண்டியதில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உணவைத் தாங்கும் கலத்தின் நிலை வேறு. அது உணவைத் தாங்குவதோடு நில்லாமல், தன்னிடமுள்ளதையும் சிறிது சிறிதாக உணவுக்குக் கொடுக்கவல்லது. அக்கொடை நஞ்சாகாமல் தடுக்க மனித இனம் விதிகளை வகுத்த வரலாறு கற்றுணரத்தக்கது.

பழைய வழக்கமும் உலோக அறிவும்

இவ்வறிவு தமிழ் இல்லங்களுக்குப் புதிதன்று. புளி கரைத்த குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எனவே பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர். இரசம் வைக்க ஈயச் செம்பைக் கையாண்டனர். இவ்வீயம் வெள்ளீயமேயன்றிக் காரீயம் அன்று. ஈயம் என்னும் பொதுச்சொல்லுக்குள் இரண்டு உலோகங்களைத் தமிழ் பிரித்துணர்த்துவது நோக்கத்தக்கது. வெள்ளீயம் உணவுக்கு உற்ற துணை. காரீயமோ உயிருக்குப் பகை. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிதல் அரிது.

களிம்பு பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும், நாவிலும் கசக்கும். காரீயம் அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதன் உப்புகள் சில இனிக்கவும் செய்யும். கண்ணும் நாவும் காவலராக இருந்த வரையில் வீட்டு வழக்கமே போதுமானதாக இருந்தது. அவ்விரண்டும் தோற்ற இடத்தில்தான் அளவுகோலும் சட்டமும் தோன்ற நேர்ந்தது.

கடல்வழி வந்த கலங்கள்

பீங்கான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மலாய் மொழியில் உணவுத் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் சொல் அதற்கு உடன்பிறப்புப் போன்றது. சொல்லைப் போலவே பொருளும் கடல்வழி பரவியது. 1998 ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட பழைய மரக்கலத்தில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826 ஆம் ஆண்டுக்குரிய நாள் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கலங்களின் பெருந்தொகுதி இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் உள்ளது. அவற்றுள் பல உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டவை. பச்சை வண்ணம் தெளித்த சிலவற்றிலோ காரீயம் கலந்த மெருகுப் பூச்சு உண்டு. அவற்றை வாங்கியோர்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்வார் ஒருவருமில்லை. அழகு ஒன்றே அவர்கள் கண்ட சான்று.

சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் 1940 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தாவ் குவாங் டிராகன் சூளை இன்றும் நிற்கிறது. இத்தகைய சூளைகளில் இரப்பர்ப்பால் ஏந்தும் கோப்பைகள் சுடப்பட்டன. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் கையாண்டவை அத்தகைய கோப்பைகளே. 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மெருகு தானே உருகிப் படியும்; அதற்குக் காரீயத்தின் துணை வேண்டியதில்லை.

காரீயம் கலந்த காரணம்

குறைந்த வெப்பத்தில் சுடும்போதுதான் காரீயத்தின் துணை நாடப்படுகிறது. அது மெருகை எளிதில் உருகச் செய்து கண்ணாடிபோல் ஒளிரவும் வைக்கும். மெருகின்மேல் தீட்டும் வண்ணங்களை ஒட்டச் செய்யவும் அது பயன்பட்டது. சிவப்பு, மஞ்சள் வண்ணங்களுக்குக் காட்மியம் என்னும் மற்றொரு நஞ்சுலோகமும் சேர்ந்தது. நன்கு சுடப்பட்ட மெருகு காரீயத்தைக் கண்ணாடிக்குள் சிறைப்படுத்தும். சூடு குறைந்தாலோ கலவை பிழைத்தாலோ அச்சிறை உறுதியற்றதாகிவிடும். புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய், பழச்சாறு ஆகியவற்றின் அமிலம் அதனைக் கரைத்து வெளிக்கொணரும். புளிப்பின்றித் தமிழர் சமையல் இல்லை என்பதை எண்ணினால், இச்செய்தி நமக்கு எத்துணை நெருக்கமானது என்பது விளங்கும்.

முதலில் காக்கப்பட்டவர்

உண்பவரைக் காப்பதற்கு முன்னர், கலம் செய்பவரைக் காக்கவே விதிகள் எழுந்தன. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில் மெருகுத் தொட்டியருகே உழைத்த பெண்களும் இளைஞரும் காரீயத் தூசியைச் சுவாசித்து நோயுற்றனர். கை தளர்ந்தோரும் பார்வை இழந்தோரும் கருச்சிதைவுற்றோரும் பலர். 1898 ஆம் ஆண்டில் வேதியியல் அறிஞர் தோர்ப், மருத்துவர் தாமஸ் ஆலிவர் ஆகிய இருவரையும் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆராயப் பணித்தது. காரீயத்தை மணற்சத்துடன் உருக்கிக் கண்ணாடியாக்கி, அரைத்த பின்னரே பயன்படுத்துதல், இயலுமிடத்து அதனை அறவே நீக்குதல் ஆகிய வழிகள் வற்புறுத்தப்பட்டன. எனினும், எளிதில் கரையும் காரீய மெருகு அந்நாட்டுத் தொழிற்கூடங்களில் தடை செய்யப்பட்டது 1947 ஆம் ஆண்டில்தான். தீமை தெரிந்த பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது!

உண்பவர் பக்கம் சட்டம் திரும்புவதற்கும் ஓர் உயிர்ப்பலி காரணமாயிற்று. கனடாவில், கையால் வனைந்த மண்குடுவையில் வைத்திருந்த ஆப்பிள் சாற்றைப் பருகிய குழந்தையொன்று காரீய நஞ்சால் இறந்தது. இச்செய்தி 1970 ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா, கலத்திலிருந்து கசியும் காரீயத்திற்குப் பத்து லட்சத்தில் 7 பங்கு என வரம்பிட்டது. பின்னர் அவ்வரம்பு படிப்படியாக இறுகி, தட்டுக்கு 3 பங்கு, கோப்பைக்கு 0.5 பங்கு எனக் குறைந்தது.

சோதனை நடைபெறும் முறை எளியது. நூற்றுக்கு 4 பங்கு அசெட்டிக் அமிலம் கலந்த நீர், அதாவது காடியையொத்த புளிப்பு நீர், கலத்தில் ஊற்றப்படுகிறது. 22 பாகை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்திருந்து, அந்நீரில் இறங்கிய காரீயமும் காட்மியமும் அளக்கப்படுகின்றன. ஐரோப்பியச் சமூகம் 1984 ஆம் ஆண்டில் இம்முறையைச் சட்டமாக்கியது. ஆழமான கலங்களுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் காரீயம் என்பது அது வகுத்த வரம்பு. புளிப்பின் வேலையை அறிந்திருந்த நம் பாட்டிமாரின் பட்டறிவே இங்கு அளவுகோல் ஏந்தி நிற்கிறது எனலாம்.

சிங்கப்பூரின் நெறி

உணவின் பெரும்பகுதியையும் உணவுக் கலங்களையும் வெளிநாடுகளிலிருந்து பெறும் நகரம் சிங்கப்பூர். பிற நாட்டுச் சூளையின் குற்றம் இந்நாட்டு மேசைக்கு வந்துசேர வழியுண்டு. 1973 ஆம் ஆண்டின் உணவு விற்பனைச் சட்டமும், 1988 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உணவு விதிகளும் இதற்குத் தடையாயின. காரீயம், காட்மியம், ஆர்செனிக் முதலிய நஞ்சுப் பொருள்களை உணவில் சேர்க்கும் கலங்களை அவ்விதிகள் விலக்கின. 2019 ஆம் ஆண்டு முதல் இப்பொறுப்பு சிங்கப்பூர் உணவு அமைப்பைச் சார்ந்துள்ளது. 2025 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உணவைத் தொடும் பொருள்களைத் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது.

இல்லத்தின் கடமை

சட்டம் துறைமுகத்திலும் கடையிலும் காவல் நிற்கும்; அடுக்களை அலமாரிக்குள் அது நுழைவதில்லை. பாட்டி காலத்துப் பூத்தட்டும், பயணத்தில் வாங்கிய வண்ணக் கிண்ணமும் எச்சோதனையும் காணாமல் அங்கே இருக்கலாம். மெருகு வெடித்த கலமும், உட்புறத்து வண்ணம் கையோடு உரிந்துவரும் கலமும் உணவுக்கு ஆகா. அழகுக்கென விற்ற தட்டு சுவரில் இருப்பதே முறை. ஊறுகாயையும் புளிக்குழம்பையும் ஐயத்திற்குரிய கலத்தில் நாட்கணக்கில் வைத்தல் கூடாது. காரீயத்திற்கு இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்பதே இன்றைய மருத்துவ முடிபு. வளரும் குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்குகிறது.

மாணவர் விதிகளை வறண்ட எண்களாகக் கருதுவர். ஆனால், 0.5 என்னும் சிறு எண்ணுக்குப் பின்னே சூளையருகே கை தளர்ந்த பெண்களும், சாறு பருகி மாண்ட குழந்தையும் இருக்கின்றனர். அவர்கள் பட்ட துன்பத்தின் பயனை இன்று நாம் தூய தட்டில் உண்கிறோம். விதியைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் விலையையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.