தசை

தசை, சதை இரண்டும் ஒரே சொல்தான். எழுத்து இடம் மாறியும் பொருள் மாறாததால் இலக்கணம் இதைப் போலி என்கிறது. விசிறி சிவிறியானதும் இப்படித்தான். வழக்கில் இவை இன்று சற்று விலகி நிற்கின்றன. உடம்பு பருத்தால் ‘சதை போட்டுவிட்டது’ என்கிறோம். இயங்கும் திசுவுக்கு உயிரியல் நூல்கள் தசையை எடுத்துக்கொண்டன. தசைக்கான ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் ‘முஸ்குலுஸ்’ சுண்டெலியைக் குறிப்பது. நம்மிடமும் கெண்டைக்கால் இருக்கிறது, மீனின் பெயரில்.

எலும்பை அசைக்கும் தசை, கட்டுக்கட்டான இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். அதனுள் ஆக்டின் என்னும் மெல்லிழைகளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. நரம்பு தூண்டியதும் கால்சியம் வெளிப்படுகிறது; மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. ‘தசைச் சுருக்கம்’ என்கிறோமே, அதில் சுருங்குவது தசை மட்டுமே. ஆக்டின், மயோசின் இழைகளின் நீளம் குறைவதில்லை. ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. 1954இல் இரு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்து ஒரே இதழில் வெளியிட்டன. பற்றிய பிடியை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.