ஆயா முடிச்சில் இருந்த 11 வெள்ளி ரூபாய்

கொஞ்சம் நீளமான த்ரெட். பாட்டி டிரங்குப் பெட்டியில, பூஜையறை டப்பாவுல பழைய வெள்ளி ரூபாய் வெச்சிருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க. முக்கியமா, புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி படிங்க.

போன மாசம் குன்னத்துல, ஓ.பி.யில ஒரு ஆயா. மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்க. அன்னிக்குப் பார்த்தா 190/110. "மாத்திரை போடலையா ஆயா?"ன்னு கேட்டேன். "போட்டேன் தம்பி, தூக்கந்தான் இல்ல"ன்னு மடியில இருந்து ஒரு துணி முடிச்ச அவுத்து மேசை மேல வெச்சாங்க. 11 வெள்ளி ரூபாய்.

அதில் 1840ன்னு போட்ட ஒன்று 10 லட்சம் போகும் என்று போனில் எவனோ சொல்லியிருக்கிறான். "பதிவுக் கட்டணம்" 2,500 ரூபாய் பேரன் போனிலிருந்து ஏற்கெனவே போய்விட்டது. இனி "வரி" 12,000 கட்டினால்தான் பணம் வருமாம். தோட்டை அடகு வைக்கலாமா என்று ரெண்டு ராத்திரியாக யோசனை. பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

முதலில் இதைச் சொல்லிடறேன். பழைய நாணயத்தை வாங்கிக்கொள்கிறோம், அதற்குக் கட்டணம், கமிஷன், வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி யாரிடமும் கேட்பதில்லை. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி எச்சரிக்கை வெளியிட்டது. விற்கிறவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

சரி, 1840க்கு வருவோம். எம்பிபிஎஸ் படிக்கும்போதிருந்தே எனக்கு இந்தக் காசுக் கிறுக்கு உண்டு, அதனால கொஞ்சம் பின்னாடி இருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்ம பக்கத்துல அந்தக் காலத்துப் பணம் வராகன், பணம், காசு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கூடவே ஆற்காட்டு நவாப் பேரில் அடித்த வெள்ளி ரூபாயும் ஓடியது. 1818ல் கம்பெனி வராகனைக் கைவிட்டு ரூபாயைச் சென்னை மாகாணத்தின் பணமாக்கியது. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று கணக்கு. அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெய்ன். 1835ல் கம்பெனி இந்தியா முழுக்க ஒரே ரூபாய் கொண்டுவந்தபோது வைத்ததும் அதே 180 கிரெய்ன்தான். இன்றைய கணக்கில் 11.66 கிராம். ஒரு தோலா. நாட்டு வைத்தியர்கள் "ஒரு ரூபாய் எடை" என்று சொல்வது இதைத்தான். 12ல் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதாவது சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். இந்த நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

இப்போ ஏமாற்றுக்காரன் சொன்ன "1840". விக்டோரியா ரூபாயில் 1840 என்று இருந்தால் அது 1840ல் அடித்தது என்று அர்த்தமில்லை! வருஷத்தை மாற்றாமல் 1861 வரைக்கும் அதே 1840ஐப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். தலைக்கு மேலே எழுத்து ஒரே ஓட்டமாக ஓடினால் முந்திய அச்சு. தலைக்கு ரெண்டு பக்கமும் பிரிந்து நின்றால் பிந்திய அச்சு. 1862ம் இதே கதைதான், 1874 வரை மாறவில்லை. எந்த வருஷம் அடித்தது என்று அடையாளம் வைக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் போட்டார்கள். சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்து எண்ணுவது அந்தப் புள்ளிகளை. 20 வருஷத்துக்கும் மேல் அடித்த காசு அபூர்வமாக இருக்குமா, நீங்களே சொல்லுங்க.

ஜார்ஜ் மன்னர் ரூபாய்தான் நம்ம வீடுகளில் அதிகம். அதற்குக் காரணம் முதல் உலகப் போர். வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் ரூபாயைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை. 1917ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. சனங்க காகிதத்தை நம்பல, வெள்ளியை எடுத்துப் பதுக்கிட்டாங்க. அரசாங்கத்திடம் வெள்ளி தட்டுப்பாடு. அமெரிக்கா தன் கஜானாவில் இருந்த டாலர் நாணயங்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. 1918ல் மட்டும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சேர்த்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். உங்க வீட்டு 1918 ரூபாய் ஒருவேளை அமெரிக்க டாலராகப் பிறந்ததாக இருக்கலாம். ஆனா அபூர்வம் இல்லை.

அடுத்த போரில் 1940ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். எடை அதே 11.66 கிராம்தான், அதனால் கையில் வைத்தால் தெரியாது. விளிம்பைப் பாருங்க. வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடினால் அது பாதி வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழு நிக்கல், காந்தம் ஒட்டும்.

போலியா என்று பார்க்க உரசவோ ஆசிட் ஊற்றவோ வேண்டாம். கிராமுக்கு ரெண்டு தசமம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். காசை எடை போடுங்க. பிறகு ஒரு டம்ளர் தண்ணியைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்க. காசை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணிக்குள் தொங்கவிடுங்க. தேயாத நல்ல வெள்ளி ரூபாய் என்றால் தராசு சுமார் 1.13 காட்டும். பாதி வெள்ளி 1.22 பக்கம் வரும். பித்தளை, செம்பு மேல் வெள்ளி முலாம் என்றால் 1.3ஐத் தாண்டும். காசுக்கு ஒரு கீறல் கூட விழாது.

இது தேறினால்தான் நிலை. தேய்மானம் மேடான இடத்தில் ஆரம்பிக்கும். விக்டோரியாவுக்குக் காதுக்கு மேல் முடியும் கிரீடக் கற்களும். எட்வர்டுக்கு, அதாவது நம்ம ஊர் "மொட்டைத்தலை ராஜா"வுக்கு, காதும் அதன் மேல் முடியும். ஜார்ஜுக்குக் கிரீடம், மீசை, அங்கியில் இருக்கிற யானை. அந்த யானைக்கு ஒரு கதை உண்டு: 1911ல் தும்பிக்கை சரியாக விழாமல் பன்றி மாதிரி தெரிந்து ஊரெல்லாம் கூச்சல், அடுத்த வருஷமே அச்சை மாற்றினார்கள். அந்த 1911 ரூபாய்க்கு நல்ல நிலையில் இருந்தால் தனி மதிப்பு உண்டு. 1939 உண்மையிலேயே அபூர்வம். அதனாலேயே 1938ஐத் திருத்தி 1939 ஆக்கியவை நிறைய. கடைசி எண்ணை லென்ஸில் பார்க்காமல் வாங்காதீங்க.

வெள்ளி கறுக்கிறது காற்றில் இருக்கிற கந்தகத்தால். அது அழுக்கு இல்லை, புண் மேல் பொருக்கு மாதிரி விட்டுடணும். புளி, சாம்பல், பல்பொடி எது போட்டாலும் பளபளப்பு வரும், சேகரிப்பவர் தரும் விலை போகும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறலை அவர் லென்ஸ் காட்டிடும். அதோடு காது வைத்துப் பற்றவைத்தது, ஓட்டை போட்டது, சராப்பு முத்திரை குத்தியது எல்லாமே பெரும்பாலும் வெள்ளி விலைக்குத்தான் போகும்.

(வீட்டில் வழிவழியா வந்தது வேற. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது என்றால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும்.)

ஆயாவோட 11 காசு: ராணி 3, மொட்டைத்தலை 1, ஐந்தாம் ஜார்ஜ் 6, பாதி வெள்ளி 1944 ஒன்று. தேய்மானம் போக எல்லாம் சேர்த்து சுமார் 110 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்கிக் காட்டினேன். 1916 ஒன்று மட்டும் யாரும் தேய்க்காமல் எழுத்தெல்லாம் கூர்மையா இருந்தது, அதற்கு வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். 10 லட்சம் என்று சொன்ன 1840? எழுத்து பிரிந்த பிந்திய அச்சு, மேலே கொக்கி பற்றவைத்தது, முகமே தேய்ந்துபோனது.

பேரனைக் கூப்பிட்டு 1930க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கச் சொன்னேன். அந்த 2,500 இன்னும் வரல. தோடு காதுல இருக்கு. அடுத்த தடவை வந்தப்போ பிரஷர் 150/90.

பேரன் காலேஜ் பீஸுக்காக 8 காசை எடை போட்டு வித்துட்டாங்களாம். 1916ஐ நான் சொன்னேன்னு வெச்சிருக்காங்க. 1944க்கு என்ன கிடைக்கப்போவுதுன்னு அதையும் விட்டுட்டாங்க. அந்தக் கொக்கி வெச்ச 1840? "அது எங்கம்மா கழுத்துல கெடந்தது தம்பி, அத எப்புடி விக்கிறது"ன்னாங்க.