மூளைக்குள் தங்கிய கம்பி

நரம்பின் வழியே செல்லும் செய்தி மின்துடிப்பாகவே செல்கிறது என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். இவ்வறிவுக்கு வித்திட்டவர் இத்தாலிய அறிஞர் கால்வானி. இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, தம் ஆய்வை அவர் 1791-ல் வெளியிட்டார். தனியொரு நரம்பிழையின் துடிப்பைக் கருவியில் பதிவு செய்த ஆங்கிலேயர் ஏட்ரியன், 1932-ல் செரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எனினும் அக்காலப் பதிவுகள் சிறிது நேரமே நீடித்தன. உண்டு, உறங்கி, நடமாடும் உயிரின் மூளையை அறிய வேண்டுமாயின் மின்முனை உள்ளேயே தங்கவேண்டும். 1958-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரம்வாசர் என்பார் தரையணில்களின் மூளையில் மிக மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பதித்தார். அவை கட்டின்றி உலவும்போதே தனி நரம்பணுக்களின் துடிப்பை நாட்கணக்கில் பதிவு செய்தார்.

கம்பியைப் பதிப்பதினும் அதை நிலைக்கச் செய்வதே அரிது. பால்மரம் வெட்டுவோர் அறிவர்: வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடிவிடும். மூளையும் அத்தகையதே. உள்ளே வந்த கம்பியைச் சுற்றித் தழும்புத் திசுவை எழுப்புகிறது. நாளடைவில் நரம்பணுவின் துடிப்பு மங்கிப்போகிறது. இச்சிக்கல் இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

இத்துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் பயின்று உயர்ந்தவர் டாக்டர் டி. எஸ். கனகா (1932–2018). ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவர். நெடுநாள் தங்கும் மின்முனைகளை மனித மூளையில் பதிக்கும் முறையை இந்தியாவில் தொடங்கி வைத்தவர் அவரே. 1975-லேயே ஆழ்மூளைக்கு மின்தூண்டல் அளித்தார்.

ஸ்ட்ரம்வாசரின் கம்பி மூளையின் பேச்சைக் கேட்டது. கனகாவின் கம்பி மூளையோடு பேசியது. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாயின. 2013-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ஒரு கருவி, மூளையின் துடிப்பை இடைவிடாது கவனித்து, வலிப்பின் அறிகுறி தோன்றியதும் தானே மின்தூண்டல் தருகிறது. அதற்கு முன்பே, 2004-ல், கைகால் செயலிழந்த ஓர் அமெரிக்க இளைஞர் மூளையில் பதித்த மின்முனைகளின் துணையால், எண்ணத்தாலேயே கணினித் திரையில் குறியை நகர்த்தினார்.

மலாக்காவின் தோட்டப் பள்ளியிலும் நகரப் பள்ளியிலும் கால்வானியின் தவளையைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர், கனகாவின் பெயரையும் சேர்த்துச் சொல்வாராக. முன் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கு அப்பெயர் ஒரு வழிகாட்டியாகும்.