பெனிசிலின் காட்டிக்கொடுத்த புரதங்கள்

1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகர மருத்துவமனையிலே அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ்காரர் கிருமிநோயால் மரணத்தறுவாயிற் கிடந்தார். அவருக்குப் பெனிசிலின் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சில நாள்களிற் காய்ச்சல் தணிந்தது. உணவிலும் விருப்பம் உண்டாயிற்று. ஆயின் கையிருப்போ மிகச் சொற்பம். அவரது சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்தின் வலிமை ஐயமின்றித் தெரிந்தது. அது கிருமியை எவ்வாறு கொல்கின்றது என்பதையோ அன்று எவரும் அறியார்.

விடைக்கான முதற்றடயம் 1949இல் அமெரிக்காவிற் கிடைத்தது. பெனிசிலின் தாக்கிய பற்றீரியாக்களினுள்ளே ஒருவகைப் பொருள் குவிந்திருப்பதை ஜேம்ஸ் பார்க் என்பவர் கண்டார். அதன் பொருத்தம் விளங்க எட்டு ஆண்டுகள் சென்றன. 1957இல் அவரும் ஜாக் ஸ்ட்ரோமிங்கரும் அப்பொருளைப் பற்றீரியாவின் கலச்சுவரோடு ஒப்பிட்டபோது, இரண்டின் கூறுகளும் ஒத்திருந்தன. கற்கள் அரிந்து அடுக்கப்பட்டுள்ளன, சுவர்தான் எழவில்லை! சுவர் குன்றிய கலம், உள்ளமுக்கம் தாங்காது வெடித்துவிடும்.

அவ்வாறாயின் முடக்கப்பட்ட கொத்தன் யார்? சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியமே அது என்று 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் கூறினர். பிணைக்கப்படவேண்டிய இழையின் நுனியைப் பெனிசிலின் உருவத்தில் ஒத்திருக்கின்றது. நொதியம் ஏமாந்து அதனைப் பற்றுகின்றது; பற்றியபின் எளிதில் விடுபட முடிவதில்லை.

கொத்தன் ஒருவனல்லன் என்பது 1975இல் வெளிப்பட்டது. கதிர்வீசும் பெனிசிலினைக் கொண்டு, ஈ. கோலை என்னும் குடற்பற்றீரியாவில் அம்மருந்தைப் பற்றும் ஆறு புரதங்களைப் பிரயன் ஸ்பிராட் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று பழுதுற்றாற் கோலுருவான கலம் உருண்டையாகின்றது. வேறொன்று பழுதுற்றாற் கலம் பிரியாது நூல்போல நீள்கின்றது. சுவர் கட்டுவதோடு கலத்துக்கு வடிவமும் தருவன இவையே. ஆயினும் இவற்றுக்கு வழங்கும் பெயர் ‘பெனிசிலின்பற்றும் புரதங்கள்’ என்பதாகும். கொத்தனை அவனைக் கொல்லும் நஞ்சின் பெயரால் அழைப்பது விந்தையன்றோ!

கிருமிகளும் வாளாவிருக்கவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் கிருமிகளை வெல்ல ஆக்கப்பட்ட மெதிசிலின் வழக்கிற்கு வந்த சிறிது காலத்துள்ளேயே, 1961இல், அதற்கும் அடங்காத ஸ்டபிலோகொக்கசுகள் பிரித்தானியாவிற் காணப்பட்டன. அவை அயலிலிருந்து பெற்ற புதியதொரு புரதத்தால் சுவர் கட்டின என்பது 1980களில் அறியப்பட்டது. அம்மருந்துகள் அதனை எளிதிற் பற்றமாட்டா. அப்புரதத்தையும் முடக்கவல்ல செப்டரோலின் என்னும் மருந்து 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.