சட்டம் விட்டது, ஊர் விடவில்லை

சவ்வாது மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்தில் இருந்துகொண்டு இங்கிலாந்து நாவலொன்றைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அந்நாவல் எழுப்பிய வழக்கு, ஏறக்குறைய அதே காலத்தில் தமிழிலும் எழுந்தது என்பதே காரணம்.

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ 1891ஆம் ஆண்டில் லண்டன் வார இதழொன்றில் தொடர்கதையாக வெளிவந்தது. ஏழைக் குடியானவப் பெண்ணொருத்தியைச் செல்வந்தன் ஒருவன் கெடுக்கிறான். பிறந்த குழந்தையும் இறந்துபோகிறது. பின்னர் வேறொருவன் அவளை விரும்பி மணக்கிறான். மண இரவில் அவன் தன் பழைய தவற்றைச் சொல்கிறான், அவள் மன்னித்துவிடுகிறாள். அவள் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள்; அவனோ அவளைக் கைவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். ஒரே அறையில், ஒரே இரவில், இரண்டு தராசுகள்! வறுமை அவளை மீண்டும் பழைய பாவியிடமே தள்ளுகிறது. முடிவில் அவனைக் கொன்று அவள் தூக்குமேடை ஏறுகிறாள்.

அவள் கெடுக்கப்பட்ட பகுதியையும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் செய்விக்கும் பகுதியையும் நீக்கித்தான் ஹார்டி இதழுக்குக் கொடுக்க நேர்ந்தது. கதைத்தலைவன் வெள்ளத்தில் பெண்களைக் கைகளில் தூக்கிச் செல்லும் இடத்தில்கூட ஒரு தள்ளுவண்டி புகுந்தது. (ஒழுக்கத்தைக் காக்கத் தள்ளுவண்டி!) நூலாக வெளியிட்டபோது இவற்றை மீட்டுச் சேர்த்து, முகப்பில் ‘தூய பெண்’ என்றும் அச்சிட்டார். அந்த ஒரு சொல்லே பலரைச் சுட்டது.

1856 ஆகஸ்டில், பதினாறு வயதுச் சிறுவனாக, கணவனைக் கொன்ற மார்த்தா பிரவுன் தூக்கிலிடப்படுவதை ஹார்டி நேரில் கண்டார். முதுமையிலும் அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை. அதற்கு முந்திய மாதத்தில்தான் இந்தியாவில் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் பாடுபட்டுப் பெற்ற சட்டம் அது. மறுமணத்திற்கு அனுமதி தந்த அச்சட்டமே, மறுமணம் செய்பவள் முதல் கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. எனினும் பெரிய தடை சட்டத்தில் இல்லை, ஊர்வாயில் இருந்தது.

அந்த ஊர்வாயை எதிர்த்து எழுதியவர் நெல்லைச் சீமையின் அ. மாதவையா. 1892இல், இருபது வயதில், ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரைத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமலே நின்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1903இல், ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் நூலாயிற்று. இளமையில் விதவையான அந்தணப் பெண் தன் கதையைத் தானே ‘நான்’ என்று சொல்கிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். இந்த இடத்தில் மாதவையாவை ஹார்டிக்கு மேலாகவே மதிக்கத் தோன்றுகிறது. டெஸ்ஸுக்காக ஹார்டி வாதாடினார்; முத்துமீனாட்சி தனக்காகத் தானே பேசினாள், உயிரோடும் இருந்தாள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று இருந்துவிட முடியுமா? மார்க்கம் விதவையின் மறுமணத்தைத் தடுக்கவில்லை. அண்ணலார் (ஸல்) முதலில் மணந்த அன்னை கதீஜா (ரலி) அவர்கள் விதவையே. கணவன் சொத்தில், பிள்ளையிருந்தால் எட்டில் ஒன்றும் இல்லையேல் நான்கில் ஒன்றும் விதவைக்குரியது. மறுமணம் அதைப் பறிக்காது. இவ்வளவும் தெரிந்திருந்தும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவின் உயர்குடி முஸ்லிம்கள் விதவை மறுமணத்தை இழிவென்று ஒதுக்கினார்கள். ரே பரேலி சையித் அஹ்மத் அவர்கள், காலஞ்சென்ற தம் சகோதரரின் மனைவியைத் தாமே மணந்து அவ்வழக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது.