வேதக்காரர் வீட்டு வாசிப்பு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் கிறிஸ்தவர்களுக்கு 'வேதக்காரர்' என்று பெயர். அந்தச் சொல்லில் வேதம் என்பது முதலில் மதத்தையே குறித்தது. பெயர் முந்தி வந்துவிட்டது. நூல் வீடுகளுக்குள் வந்துசேர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு வந்த கத்தோலிக்கம் செபங்களை மனனமாகக் கொடுத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர். வேதத்தை மக்களின் மொழியில் வாசிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. 1665 வரை இங்கு குருவாக இருந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் மத்தேயு நற்செய்தியைத் தமிழில் பெயர்த்தார். ஆனால் கொள்கை ஒன்று, நடைமுறை வேறொன்று. கோவிற்பற்றுதோறும் இருந்த பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் பிள்ளைகளின் பெயர்களைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்து, கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒப்புவிக்கச் செய்தார். அச்சிட்ட நூல் பிள்ளைகளின் கையில் இல்லை. பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்க் குருவானவர் திருத்திய புதிய ஏற்பாடு கொழும்பில் 1759இல் அச்சேறியபோது ஒல்லாந்தர் ஆட்சி தொடங்கி நூறாண்டு கடந்திருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் ஆட்சியாளரின் சமயத்தைப் பின்பற்றவேண்டிய கட்டாயம் நீங்கியது. தோம்பில் பெயர் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவக் கோயில்களுக்குத் திரும்பினர். மனனம் செய்வித்த சமயம் மனத்தில் தங்கவில்லை என்றே இதைக் கொள்ளவேண்டியிருக்கிறது.

1816இல் தெல்லிப்பழையிலும் அடுத்து வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அமெரிக்க மிஷனரிமார் வாசிப்பிலிருந்தே தொடங்கினர். ஊர்தோறும் இலவசப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். வாசிக்கக் கொடுக்கத்தான் நூல் இல்லை. 1820இல் அச்சுவேலைக்கென ஜேம்ஸ் கரட் வந்திறங்கினார். அப்போது ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ண்ஸ் அவரைத் தங்க விடாமல் திருப்பி அனுப்பினார். ஆகவே வேதப் பகுதிகள் பனையோலையில் எழுதப்பட்டன. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி பூசித் துடைத்து, துளையில் கயிறு கோத்துக் கட்டிய ஏடு அது. ஓர் ஏட்டில் ஒரு மலைப்பிரசங்கமோ சில உவமைகளோதான் அடங்கும். முழு வேதாகமத்தையும் கையில் ஏந்தக் கிடைக்காத அந்தத் தலைமுறை, கிடைத்த துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. தடை 1833இல் நீங்கியது. அடுத்த ஆண்டு மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது.

உரத்து வாசிப்பதும் கூடியிருந்து கேட்பதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. சைவக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு உண்டு: ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் அந்தப் படிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களே. அவர்களுடைய வாசிப்பிலும் அந்த ஓசை படிந்திருக்கவேண்டும்.

வாசிப்பை நாளாந்தப் பழக்கமாக வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பெண்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது எழுத்தறிந்த பெண் மிக அரிது. 1840இல் அங்கு வந்த எலிசா அக்னியூ, 1879 வரை ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பாமல் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அந்தப் பிள்ளைகள் கலியாணமாகிப் போன வீடுகளில் வேதபுத்தகமும் கூடப் போனது. மிஷன்கள் அனுப்பிய 'வேதாகமப் பெண்கள்' இன்னொரு தூரத்தையும் கடந்தார்கள். தெருவில் பிரசங்கிக்கும் ஆண்களின் குரல் வேலிக்கு வெளியே நின்றுவிடும். இவர்களோ படலையைத் திறந்து உள்ளே போய், நாற்சார் வீட்டு முற்றத்தில் இருந்து வாசித்துக் காட்டுவார்கள். கேட்கிறவள் விரும்பினால் எழுத்தும் சொல்லிக் கொடுப்பார்கள். மிஷன் வரலாறுகளில் குருமாரின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. இந்தப் பெண்களில் பலரின் பெயர்கள் அங்கு இல்லை.

எந்தத் தமிழில் வாசிப்பது என்ற கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. தரங்கம்பாடி வழிவந்த பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு யாழ்ப்பாணத்துப் பண்டிதச் செவிக்குப் போதவில்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவல், நல்லூர் ஆறுமுகநாவலரைத் துணையாகக் கொண்டு புதிய மொழிபெயர்ப்பைச் செய்தார்; அது 1850இல் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே நாவலர் சைவப் பணிக்கென வேலையை விட்டிருந்தார். வேதாகமத்தை வரிவரியாக அறிந்த அவர், அதே அறிவோடு மிஷனரிமாருக்கு மறுப்பாக 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதினார். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலும், பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் எழுதிய எளிய வசன நூல்களிலும் மிஷனின் வாசிப்பு முறை சைவத்துக்குப் பயன்பட்டது. ஒரு வாசிப்பு மற்றொரு வாசிப்பை எழுப்பிவிட்ட கதை இது; இரு பக்கத்தாரும் அதில் வளர்ந்தார்கள்.

பேர்சிவலின் மொழிபெயர்ப்பைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. தினமும் வாசித்துப் பழகிய சொல்லை மாற்றினால் அந்நியமாகவே ஒலிக்கும். பப்ரிசியுஸிடம் கடவுள் 'பராபரன்'. யாழ்ப்பாண மொழிபெயர்ப்பில் 'தேவன்'. பின்னர் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு, யாழ்ப்பாணத்திலிருந்து லீவை ஸ்போல்டிங்கும் சேர்ந்து உழைத்து, 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பை உருவாக்கியது. அதில் 'தேவன்' நிலைத்தது. இந்த நீண்ட கதையை 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' என்ற நூலாக 1967இல் தந்தவர், தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன்.

ஐக்கிய மொழிபெயர்ப்பே புரட்டஸ்தாந்த வீடுகளின் குடும்ப செபத்துக்கு மொழியானது. விளக்கு வைத்தபின் பாய் விரித்து எல்லோரும் இருப்பார்கள். ஒரு பாட்டு, பிறகு ஓர் அதிகாரம், ஆளுக்கொரு வசனமாக. எழுத்துக்கூட்டும் சின்னப்பிள்ளையின் முறை வந்தால் அம்மம்மா புத்தகத்தைப் பாராமலே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். புத்தகத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், மரணம் ஆகியவற்றின் திகதிகள் எழுதியிருக்கும்.

கத்தோலிக்கரின் வழி வேறு. அவர்களுடைய அந்திச் செபத்தில் செபமாலைக்கே முதலிடம். வேதக் கதை அவர்களுக்குக் கூத்தாகவும், தவக்காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கமாகவும் வந்தது. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் (1676–1742) எழுதிய அந்தப் பாடுகளின் வாசகத்தை நீட்டி இழுத்து வாசிக்கையில் கோவிலில் அழுகை எழும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எல்லா விசுவாசிகளும் வேதத்தை அடிக்கடி வாசிக்கும்படி கேட்டுக்கொண்டது. புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் 'திருவிவிலியம்' என வெளிவந்தது.

அதே 1995இல் போரினால் யாழ்ப்பாணம் ஊரோடு பெயர்ந்தது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்த விளக்கே வீடுகளின் வெளிச்சம். அந்த ஒளியில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கலாம், ஒருவர்தான் வாசிக்கலாம். ஆளுக்கொரு வசனம் என்ற முறை நின்று, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் இருட்டில் இருந்து கேட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு தென்மராட்சிக்கு நடந்த கூட்டத்தில், கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களில் வேதாகமத்தை எடுத்தவர்களும் உண்டு.

இன்று கைபேசியில் வாசிப்போரும் குரற்பதிவைக் கேட்போரும் பெருகிவிட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை வீடுகளில் இன்னும் 'தேவன்' ஒலிக்கிறது. கத்தோலிக்கப் பூசையின் வாசகங்களில் 'கடவுள்' ஒலிக்கிறது. இரு சபைக்கும் கலியாண உறவுள்ள வீடுகளில் இரண்டு புத்தகமும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன.